உடன்போக்கும் ஓலையும்

விவிலியத்தின் எந்தப் பகுதியையும் படிக்குமுன் அது எவ்வகை இலக்கியம் என்பதை நோக்க வேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட 'இறை வெளிப்பாடு' பற்றிய ஏட்டில் கற்பித்தது. கவிதையைக் கவிதையாகவும் வரலாற்றை வரலாறாகவும் படிக்கவேண்டும் என்பதே கருத்து. இந்நெறி மறைநூலுக்கு மட்டும் உரியதன்று. நம் முன்னோர் பாடிய காதற்கதைகளையும் இவ்வாறே நோக்கினால், ஒரே நிகழ்ச்சி தான் பாடப்படும் வகைக்கேற்ப வேறுவேறு பொருள் கொள்வதைக் காண்கிறோம்.

மகளொருத்தி பெற்றோர் அறியாமல் தான் விரும்பியவனோடு புறப்பட்டுவிடுகிறாள். இது நிகழ்ச்சி. கோவை இலக்கியம் இதனை உடன்போக்கு என்கிறது. மாணிக்கவாசகர் 400 பாடல்களில் இயற்றிய திருக்கோவையாரில் இதற்குத் தனி அதிகாரமே உண்டு. தோழி வழியனுப்புகிறாள். செவிலித்தாய் கண்ணீரோடு சுரவழியில் தேடிச் சென்று, எதிர்ப்படும் துறவியரைக் கேட்கிறாள். உலகத்து இயல்பு இதுவே என்று அவர்கள் ஆற்றுப்படுத்துகின்றனர். தமர் பின்தொடர்வதாகப் பாடும் கோவைகளும் பின்னர் எழுந்தன. ஆயினும் குருதி சிந்துவதில்லை. முடிவு திருமணமே.

அகப்பொருளில் காதலர் பெயர் சுட்டப்பெறார் என்பது தொல்காப்பியர் வகுத்த மரபு. கோவையில் பெயர் பெறுபவர் பாட்டுடைத் தலைவர் மட்டுமே. திருக்கோவையாரில் அவர் தில்லைக் கூத்தர். பெயரற்ற காதலர் எவராகவும் இருக்கலாம். ஆதலின் அவர்களை ஆன்மாவும் இறைவனும் எனவும் கொள்ள முடிந்தது. மேலைநாட்டில் புனித பெர்நார்து இனிமைமிகு பாடலுக்கு 86 மறையுரைகள் தந்தும், மூன்றாம் அதிகாரத்தின் தொடக்கத்தைத் தாண்டாமலே 1153இல் இறைவனடி சேர்ந்தார். காதற்பாடலில் அத்துணை ஆழம் தோண்ட அவருக்கு இடமிருந்தது.

ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. தலைவனும் தலைவியும் ஒத்திருக்கவேண்டிய பத்துப் பண்புகளை அடுக்கும் தொல்காப்பியர், பிறப்பையும் குடிமையையுமே முதலில் வைக்கிறார். சிக்கல் வாயிலிலேயே தடுத்து நிறுத்தப்பட்டுவிட்டது. கோவை உடன்போக்கை வாழ்த்துவது எளிது. குலம் வேறுபட்ட இருவர் அதனுள் நுழையவே இயலாதே!

அவர்கள் நுழைந்த இடம் கதைப்பாடல். திருமலை நாயக்கர் காலத்தில் (1623–1659) நிகழ்வதாகச் சொல்லப்பெறும் மதுரைவீரன் கதையிலும் உடன்போக்கு உண்டு. சக்கிலியர் வீட்டில் வளர்ந்த வீரன், பாளையக்காரர் மகள் பொம்மியை அழைத்துச் செல்கிறான். இங்கே காதலர்க்குப் பெயர் உண்டு, ஊர் உண்டு, சாதி உண்டு. ஆகவே செவிலிக்கு மாற்றாகப் படை தேடி வருகிறது. தந்தை போரில் மடிகிறார். இறுதியில் வீரனும் மாறுகால் மாறுகை வாங்கப்பட்டு மடிந்து, பின்னர்த் தெய்வமாகிறான். கொன்றவர்களே கும்பிடவும் செய்வது இவ்வகைக்கு இயல்பு. இன்னுமொன்று: வீரன் உண்மையில் காசியரசன் மகன் என்றும், தீக்குறி கண்டு குழந்தையிலேயே காட்டில் விடப்பட்டவன் என்றும் கதை சேர்த்துரைக்கிறது. கோவை தொடக்கத்திலேயே வைத்த பிறப்பொப்புமையைக் கதைப்பாடல் தொட்டில் வழியாக மீண்டும் கொண்டுவந்துவிடுகிறது. இதனை நாம் வெறும் அலங்காரமாகக் கருதவில்லை. காதலைப் பொறுத்துக்கொண்ட கேட்போரும் கலப்பைப் பொறுக்கவில்லை என்பதற்கு இதுவே சான்று.

நம் தருமபுரி அதியமானின் தகடூர். நடுகற்கள் மலிந்த மண். ஆநிரை மீட்டுப் பட்டவனுக்குக் கல் நட்டு, பெயரும் ஊரும் பொறித்தனர். கல்லில் இடம்பெற வேண்டுமெனில் ஒருவன் முதலில் சாகவேண்டும். கதைப்பாடலின் காதலனுக்கும் அதுவே விதியாயிற்று. 2012 நவம்பர் 7 அன்று, குலம் கடந்த திருமணம் ஒன்றைக் காரணமாக்கி, இம்மாவட்டத்தின் நத்தம் முதலிய மூன்று தலித் குடியிருப்புகளில் 200க்கும் மேற்பட்ட வீடுகள் எரியூட்டப்பட்டன. அன்று நிகழ்ந்ததும் உடன்போக்கே. ஊரார் அதனை எந்த இலக்கிய வகையில் படித்தனர் என்பதை விளக்க வேண்டியதில்லை.

திருச்சபையிடமும் ஒரு வகை உண்டு: ஓலை. 1563இல் திரிதெந்தீன் சங்கம், மறைவில் நடந்த மணங்களால் விளைந்த கேடுகளைக் கண்டு, ஓலை மும்முறை வாசிக்கப்பட வேண்டும் எனவும், பங்குக் குருவும் சாட்சிகளும் முன்னிற்க வேண்டும் எனவும் விதித்தது. பெற்றோர் இசைவின்றி மணம் செல்லாது என ஆக்கவேண்டும் என்று பிரெஞ்சு அரசு வற்புறுத்தியது. சங்கம் அதற்கு இணங்கவில்லை. அவ்வாறு சொல்வோரைக் கண்டிக்கவும் செய்தது. ஆகவே கோவையைப்போல் ஓலை பெயரை மறைப்பதில்லை. கதைப்பாடலைப்போல் குலத்தைக் கூறுவதுமில்லை. இன்னாரின் மகன் இன்னார், இன்னாரின் மகள் இன்னார், இன்ன ஊர், தடை அறிந்தோர் தெரிவிக்கவும், அவ்வளவே.

எனினும் ஞாயிறு திருப்பலியில் ஓலை வாசிக்கப்படும்போது, பெயர்களைக் கேட்பதைவிட ஊர்ப்பெயரைக் கேட்கவே சிலர் செவியைக் கூர்மையாக்குகின்றனர்.