எது வழிபாடு? தில்லை முதல் ஜமைக்கா வரை

ஒரு சமயத்துக்கு எது உயிர்நாடி, எது வெறும் பழக்கம் என்று முடிவு செய்யும் உரிமை யாருக்கு உண்டு? அச்சமயத்தாருக்கா, அரசுக்கா, நீதிமன்றத்துக்கா? 1930களில் ஜமைக்காவில் தோன்றி, எத்தியோப்பியப் பேரரசர் ஹெய்லி செலாசியை இறைவடிவாகப் போற்றும் ராஸ்தஃபாரி சமயத்தார், கஞ்சாவைப் புனித மூலிகையாகக் கொள்பவர்கள். அவர்களது வழக்குகள் இவ்வினாவையே மீண்டும் மீண்டும் எழுப்பின. இவ்வினாவின் இந்திய வரலாற்றில் நம் சிதம்பரத்துக்கும் ஓர் இடமுண்டு.

1951ஆம் ஆண்டு இந்து சமய அறநிலையச் சட்டத்தின் வழியே தில்லைக் கோயில் நிருவாகத்தில் சென்னை அரசு தலையிட முனைந்தபோது பொது தீட்சிதர்கள் உயர்நீதிமன்றம் சென்றனர். உடுப்பியின் சிரூர் மடத்து வழக்கோடு சேர்த்து விசாரிக்கப்பட்டு, அவ்வாண்டு டிசம்பரில் தீர்ப்பு வந்தது. தீட்சிதர்கள் தனிச் சமயப் பிரிவினர். அரசியல் சட்டத்தின் 26ஆம் பிரிவு அவர்களைக் காக்கும் என்பது முடிவு. சிரூர் மடத்து வழக்கு மட்டும் உச்சநீதிமன்றத்தில் 1954இல் தீர்ந்தது. ஒரு சமயத்துக்கு இன்றியமையாதது எது என்பதை அச்சமயத்தின் கொள்கைகளைக் கொண்டே அறிதல் வேண்டும் என்ற கோட்பாடு அத்தீர்ப்பில்தான் பிறந்தது. தீட்சிதர்களின் உரிமையை 2014 ஜனவரியில் உச்சநீதிமன்றம் மறுபடியும் உறுதி செய்தது.

ஆனால் அக்கோட்பாடு எல்லாரையும் ஒன்றுபோல் காக்கவில்லை. ஆடல்வல்லான் ஆனந்தத் தாண்டவம் புரியும் தலம் தில்லை. அந்தத் தாண்டவமே ஒருமுறை வழக்குமன்றம் ஏறியது. கத்தியும் மண்டையோடும் ஏந்தித் தெருவில் தாண்டவம் ஆட ஆனந்த மார்க்கத்தார் உரிமை கேட்டனர். 1955இல் தோன்றிய அவ்வியக்கத்தில் தாண்டவம் 1966இல்தான் புகுந்தது. எனவே அது இன்றியமையாததன்று என்று 1983இல் உச்சநீதிமன்றம் கூறிவிட்டது. பின்னர் அவர்கள் தம் மறைநூலில் அதை எழுதிச் சேர்த்தும் 2004இல் பயன் கிட்டவில்லை. பழமைக்குச் சான்று இல்லாத பக்திக்குச் சட்டத்தில் வலுக் குறைவு என்பதே இதன் பொருள்.

இனிக் கஞ்சாவுக்கு வருவோம். நம் சித்த மருத்துவர்கள் அதற்கு இட்ட பெயர் சிவமூலி. ஆங்கில அரசு 1893இல் அமைத்த இந்தியக் கஞ்சா ஆணையம், 1,000க்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்து, சிவ வழிபாட்டோடு அதற்குள்ள தொடர்பையும் பதிவு செய்து, முழுத்தடை வேண்டாம் என்றே 1894இல் பரிந்துரைத்தது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் கஞ்சாவைத் தடுத்தபோதும், பூக்காத இலையை விலக்கி வைத்தது. பாங்கு தப்பியது அதனால்தான். சமயத்தின் பெயரைச் சட்டம் சொல்லவில்லை. செடியின் உறுப்பைப் பிரித்துச் சொல்லிற்று!

1845 முதல் 1917 வரை ஏறத்தாழ 36,000 இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாக ஜமைக்கா சென்றனர். அவர்களோடு இச்செடியின் பயன்பாடும் கஞ்சா என்ற சொல்லும் கடல் கடந்தன. அங்கோ 1913லேயே தடை வந்துவிட்டது. ராஸ்தஃபாரிகள் பல பத்தாண்டுகள் சிறைப்பட்டனர். தென்னாப்பிரிக்காவில் சட்டம் பயின்ற காரெத் பிரின்ஸ் என்ற ராஸ்தஃபாரி, கஞ்சா வைத்திருந்த குற்றத்துக்காகத் தண்டனை பெற்றிருந்தார்; இனியும் கைவிடேன் என்றார். வழக்கறிஞர் ஆவதற்கான பதிவு மறுக்கப்பட்டது. அவரது பக்தியின் உண்மையை நீதிபதிகள் ஐயுறவில்லை. ஆயினும் வழிபடுபவரையும் வெறுமனே புகைப்பவரையும் காவலர் பிரித்தறிய இயலாது என்று கருதி, 2002இல் ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் விலக்கு மறுத்தனர். 2018இல் அதே நீதிமன்றம் வயது வந்தோர் தனிமையில் பயன்படுத்துவதை அனுமதித்தது; காரணம் சமய உரிமையன்று, அந்தரங்க உரிமை. ஜமைக்காவில் விடிவு வந்ததும் நீதிமன்றத்தால் அன்று. 2015இல் சட்டமன்றம் செய்த திருத்தத்தால்.

இதைப் படிக்கையில் கடலூர் மாவட்டத்து ஊர்ப்புறங்களில் சுருட்டும் சாராயமும் படையலாகப் பெறும் முனீஸ்வரன் நினைவுக்கு வருகிறார். 2003இல் கோயில்களில் உயிர்ப்பலித் தடையைத் தமிழக அரசு கடுமையாக நடைமுறைப்படுத்தியபோது, கிடா வெட்டிப் பொங்கலிடும் எளிய மக்களுக்கு ஆகமமும் இல்லை, தனிச் சமயப் பிரிவு என்ற தகுதியும் இல்லை. எதிர்ப்பு வலுத்து, 2004இல் அரசே அச்சட்டத்தை நீக்கியது. ஏடும் மரபும் உடையவர்க்கு நீதிமன்றக் கதவு திறக்கிறது. ஏடற்றவர் சட்டமன்ற வாயிலில் நின்று தம் எண்ணிக்கையைக் காட்டவேண்டியிருக்கிறது.

எண்ணிக்கையும் இல்லாத சிறு கூட்டம் என்ன செய்யும்? பிரின்சுக்கு நேர்ந்தது அதுதான். தீட்சிதர்களின் வெற்றியை ஏற்பவரும் எதிர்ப்பவரும் நம்மிடையே உண்டு. எப்பக்கம் நின்றாலும், தில்லைக்குத் தந்த அளவுகோல் முனீஸ்வரன் திடலுக்கும் பொருந்துமா என்று கேட்பதே நேர்மை என்பது என் எண்ணம். நண்பர்கள் மாற்றுக் கருத்திருப்பின் எழுதலாம்.