கல்முனைக் கரையில் அயலார் கேட்கப் பேசியவர்கள்

மட்டக்களப்பிலிருந்து தெற்கு நோக்கிக் கடற்கரை வீதியால் செல்பவர் பெரியநீலாவணையைக் கடந்ததும் ஒன்றைக் கவனிக்கலாம். மருதமுனை முஸ்லிம் ஊர். அடுத்துள்ள பாண்டிருப்பு தமிழர் ஊர். பின்னர் கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது. அதையடுத்து விபுலாநந்த அடிகள் பிறந்த காரைதீவு. அதற்கும் அப்பால் நிந்தவூர். 'பிட்டும் தேங்காய்ப்பூவும் போல' என்று கிழக்கிலங்கையில் சொல்வார்கள். மேடைதோறும் சொல்லிச் சொல்லித் தேய்ந்துவிட்ட உவமைதான். ஆயினும் இந்த வீதியைப் பார்த்தவர்களுக்கு அதன் பொருத்தம் விளங்கும். குழலுக்குள் மாவும் பூவும் கலந்து கிடப்பதில்லை, அடுக்கடுக்காகவே இருக்கின்றன.

இந்த அடுக்குகளுக்குப் பொதுவானது மொழி. கண்டியிலோ காலியிலோ ஒரு பள்ளிவாசலில் தமிழில் நிகழும் குத்பாப் பேருரை, வீதிக்கு மறுபுறம் வாழும் சிங்கள அயலவருக்கு விளங்காமற் போகலாம். கல்முனைக் கரையில் அப்படி இல்லை. பள்ளிவாசலில் மௌலவி செய்யும் பயான் காற்றோடு அடுத்த ஊருக்குப் போனால், அங்குள்ள தமிழர் ஒவ்வொரு சொல்லையும் விளங்கிக்கொள்வார். கோயிலில் நிகழும் புராண படனத்தைப் பக்கத்து ஊர் முஸ்லிமும் அப்படியே விளங்கிக்கொள்வார். அதாவது, இக்கரையில் நிகழும் ஒவ்வொரு சொற்பொழிவுக்கும் இரண்டு சபைகள் உண்டு. ஒன்று, முன்னால் அமர்ந்திருப்பது. மற்றது, அழைக்கப்படாமலே கேட்டுக்கொண்டிருப்பது.

பத்திரிகைத் தொழிலில் நெடுங்காலம் கழித்தவன் என்ற முறையில், கிழக்கிலிருந்து வந்த எத்தனையோ கூட்ட அறிக்கைகளைப் படித்திருக்கிறேன். தலைமை வகித்தவர் யார், சிறப்புரை ஆற்றியவர் யார், நன்றி கூறியவர் யார் என்பதெல்லாம் ஒழுங்காக எழுதப்பட்டிருக்கும். சபையில் இருந்தவர்கள் யார் என்பதை மட்டும் அவை சொல்வதில்லை. ஈழத்து முஸ்லிம்களின் அறிவு வரலாற்றைப் புரட்டிப் பார்க்கும்போது, அந்த ஒரு கேள்வியே முதன்மையானது என்று எனக்குத் தோன்றுகின்றது.

முதலில், பிளவை உண்டாக்கிய ஒரு சொற்பொழிவைப் பார்ப்போம். 1888ஆம் ஆண்டில் சேர் பொன்னம்பலம் இராமநாதன், றோயல் ஆசியச் சங்கத்தின் இலங்கைக் கிளையில் சோனகரின் இன வரலாறு பற்றி ஆங்கிலத்தில் ஓர் ஆய்வுரை நிகழ்த்தினார். சோனகர் இனத்தால் தமிழரே, மதத்தால் மட்டுமே வேறுபட்டவர்கள் என்பது அவர் வாதம். அன்று சட்டநிரூபண சபையில் தமிழ் பேசும் மக்களின் பிரதிநிதியாக இருந்தவர் அவர். முஸ்லிம்களுக்குத் தனிப் பிரதிநிதித்துவம் வேண்டும் என்ற கோரிக்கை வலுப்பெற்றிருந்த வேளை அது. 1889இல் அந்தப் பிரதிநிதித்துவம் கிடைத்தது. இராமநாதனுக்கு மறுப்பாக ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் எழுதிய நூல் 1907இல் வெளிவந்தது. யாருடைய வாதம் சரி என்ற ஆராய்ச்சி இங்கு வேண்டியதில்லை. ஒரு சமூகத்தைப் பற்றிய உரை, அந்தச் சமூகத்தின் சாதாரண மக்கள் அறியாத மொழியில், அவர்கள் இல்லாத சபையில் நிகழ்ந்தது. அதன் கசப்பு நூறாண்டுகளுக்கு மேலாகியும் தீரவில்லை.

இதற்கு நேர்மாறான ஒரு காட்சியை 1942ஆம் ஆண்டின் கல்முனையில் காண்கிறோம். இரண்டாம் உலகப் போர் உச்சத்தில் இருந்தது. பர்மா ஜப்பானியர் கைக்குப் போனதால் அங்கிருந்து வந்த அரிசி நின்றுபோயிற்று. மட்டக்களப்புத் தென்பகுதியின் வயல்களில் உணவு உற்பத்தியைப் பெருக்குவது அரசாங்கத்தின் அவசரத் தேவையாயிற்று. அந்தப் பணிக்காக உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு அனுப்பப்பட்டவர் ஏ. எம். ஏ. அஸீஸ்.

அஸீஸ் 1911இல் யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் பிறந்தவர். வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் பயின்றவர். இலங்கைச் சிவில் சேவைக்குத் தெரிவான முதல் முஸ்லிம் அவரே. நெல் விளைவிக்க வந்த அதிகாரி, கல்வியில் பின்தங்கியிருந்த முஸ்லிம் ஊர்களைக் கண்டு மனம் வருந்தினார். அதே ஆண்டில் கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கத்தைத் தொடங்கினார். 1945இல் கொழும்பில் உருவான இலங்கை முஸ்லிம் புலமைப்பரிசில் நிதிக்கு இதுவே முன்னோடி. அந்த நிதியால் பல்கலைக்கழகம் சென்ற ஏழை மாணவர் பலர்.

கல்முனையில் அஸீஸுக்கு வாய்த்த நட்புகள் இரண்டு. ஒன்று, காத்தான்குடிக் கவிஞர் அப்துல் காதர் லெப்பையுடையது. மகாகவி இக்பாலின் சிந்தனையில் அஸீஸுக்கு ஈடுபாடு மிகுந்தது இந்த நட்பினால்தான். இக்பாலின் புகழ்பெற்ற கவிதைகளைப் பின்னாளில் 'முறையீடும் தேற்றமும்' என்ற பெயரில் தமிழாக்கியவர் லெப்பை. இக்பாலுக்கும் தமிழ்நாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு என்பதையும் இங்கு நினைவுகூரலாம். இஸ்லாமிய மெய்யியலை இக்கால அறிவோடு பொருத்திப் பார்த்த அவருடைய ஆங்கிலச் சொற்பொழிவுகள் சென்னை முஸ்லிம் சங்கத்தின் வேண்டுகோளுக்கு இணங்க எழுதப்பட்டவை. 1929 ஜனவரியில் சென்னையில் நிகழ்ந்த அவ்வுரைகள், பிற நகரங்களில் நிகழ்ந்த உரைகளோடு சேர்ந்து 1930இல் நூலாயின. இஸ்லாமிய உலகெங்கும் இன்றும் விவாதிக்கப்படும் ஒரு நூலின் முதற் சபை நம் சென்னையில் கூடியது.

மற்ற நட்பு விபுலாநந்த அடிகளுடையது. 1892இல் காரைதீவில் பிறந்த அடிகள், கல்முனை மெதடிஸ்தப் பாடசாலையிலும் மட்டக்களப்புப் புனித மிக்கேல் பாடசாலையிலும் படித்தவர். இராமகிருஷ்ண மடத்துத் துறவி. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர். கிறிஸ்தவப் பாடசாலையில் படித்த இந்துத் துறவியும், இந்துப் பாடசாலையில் படித்த முஸ்லிம் அதிகாரியும் ஒரே கரையில் சந்தித்துக்கொண்டார்கள். இருவரும் தத்தம் சமயத்தில் ஆழக் காலூன்றியவர்கள். ஒருவர் மற்றவரைத் தம் பக்கம் இழுக்க வேண்டிய தேவை இருவருக்கும் இருக்கவில்லை.

இந்த உறவின் பயன் தனிப்பட்ட நட்போடு நின்றுவிடவில்லை. 1943இல் அடிகள் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியரானார். அங்கு அவரிடம் தமிழ் கற்றவர்களுள் ஒருவர் பாணந்துறையைச் சேர்ந்த ம. மு. உவைஸ். தமிழுக்கு முஸ்லிம்கள் ஆற்றிய தொண்டு பற்றி உவைஸ் முதுகலைப் பட்டத்துக்கு எழுதிய ஆய்வு 1953இல் ஆங்கில நூலாக வெளிவந்தது. உமறுப் புலவரின் சீறாப்புராணம் ஒன்றே 5027 பாடல்கள் கொண்டது. அதுபோன்ற காப்பியங்களும் மாலைகளும் கிஸ்ஸாக்களும் மசலாக்களும் எத்தனையோ உண்டு என்பதைக் கல்வியுலகு முறையாக அறிந்தது அவரால்தான். பின்னர் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்துக்கென அமைந்த இருக்கையின் முதல் பேராசிரியரும் அவரே. அஸீஸ் தம் பங்குக்கு 'இலங்கையில் இஸ்லாம்' என்ற வரலாற்று நூலை 1963இல் தமிழிலேயே எழுதினார். ஆங்கிலத்தில் எழுத வல்லவர் தமிழைத் தேர்ந்துகொண்டது தற்செயல் அன்று என்பது என் எண்ணம். தம் சமூகத்தின் வரலாற்றை அயலாரும் படிக்கக்கூடிய மொழியில் அவர் வைத்தார்.

கல்முனைக் கரை இந்த விதையை வீணாக்கவில்லை. கைத்தறிக்குப் பேர்பெற்ற மருதமுனையில் 1966இல் இஸ்லாமியத் தமிழ் இலக்கிய மாநாடு நடைபெற்றது. திருச்சிராப்பள்ளியில் 1973இல் கூடிய இஸ்லாமியத் தமிழ் இலக்கிய மாநாட்டுக்கு ஏழாண்டுகள் முந்தியது அது. அதே காலத்தில் பெரியநீலாவணையைச் சேர்ந்த கவிஞர் நீலாவணனைச் சூழ்ந்து கல்முனையில் ஓர் இலக்கிய வட்டம் உருவாயிற்று. கல்முனைக்குடி எம். ஏ. நுஃமான், மருதூர்க்கொத்தன் போன்றோர் அதில் வளர்ந்தவர்கள். தமிழாசானைச் சுற்றி முஸ்லிம் இளைஞர்கள் அமர்ந்திருந்ததை அன்று யாரும் 'இன நல்லுறவு' என்று பெயரிட்டு அழைக்கவில்லை. அது இலக்கியக் கூட்டம், அவ்வளவே.

பிறகு வந்த நாட்களை எழுதக் கை கூசுகிறது. எழுதாமல் விடுவதும் முறையன்று. 1990 ஆகஸ்ட் 3ஆம் நாள் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்ட முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் சுட்டுக் கொன்றனர். ஒன்பது நாட்களின் பின், ஆகஸ்ட் 12இல், சம்மாந்துறைக்கு அருகேயுள்ள வீரமுனையில் பிள்ளையார் கோயிலில் அடைக்கலம் புகுந்திருந்த தமிழர்கள் கொல்லப்பட்டனர். அக்டோபரில், அஸீஸ் பிறந்து வளர்ந்த யாழ்ப்பாணத்திலிருந்து முஸ்லிம்கள் அனைவரும் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படிப்பைத் தொடர முடியாமற்போன மாணவர்களின் நிலையும் சேர்ந்து, 1995இல் அட்டாளைச்சேனையில் ஒரு பல்கலைக்கழகக் கல்லூரி தோன்றக் காரணமாயிற்று. அதுவே ஒலுவிலில் இன்றுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகம். கல்விக்கு அது பெரும் பேறு. ஆனால் அதன் பிறப்புக்குப் பின்னால் ஒரு பிரிவும் இருந்தது என்பதை மறைத்துப் பயனில்லை.

தனித்தனிச் சபைகள் பெருகிய இக்காலத்தில் ஒலிநாடாவும், பின்னர் இணையமும் வந்து சேர்ந்தன. பேசுபவருக்கு எதிரே அயலவர் மட்டுமல்ல, சொந்த ஊர்ப் பெரியவர்கூட அமர்ந்திருக்க வேண்டியதில்லை என்றாயிற்று. இடைமறித்துக் கேள்வி கேட்பார் இல்லாத பேச்சு எங்கே கொண்டுபோய்விடும் என்பதை 2019 ஏப்ரல் 21இல் நாடு கண்டது. உயிர்த்த ஞாயிறன்று தேவாலயங்களிலும் விடுதிகளிலும் 260க்கும் மேற்பட்டோர் மாண்டனர். சூத்திரதாரியாகச் சொல்லப்பட்ட காத்தான்குடி ஸஹ்ரான் ஹாஷிம், இணையத்தில் வெறுப்புரை பரப்பிய ஒரு பேச்சாளர்.

ஐந்து நாட்களின் பின், ஏப்ரல் 26இல், அவருடைய குடும்பத்தினரும் கூட்டாளிகளும் சாய்ந்தமருதில் ஒரு வீட்டில் பதுங்கியிருந்தபோது குண்டுகள் வெடித்தன. குழந்தைகள் ஆறு பேர் உட்படப் பதினைந்து பேர் இறந்தனர். அந்த வீட்டில் குடிவந்தவர்கள் மீது ஐயம் கொண்டு தகவல் கொடுத்தவர்கள் சாய்ந்தமருது முஸ்லிம்களே. இதை நாம் அடிக்கடி சொல்வதில்லை. இணையத்து உரைகள் எவ்வளவுதான் பரவியிருந்தாலும், அயல் என்ற உணர்வு அந்த ஊரில் அற்றுப்போய்விடவில்லை. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனபோது, மருதமுனையையும் பாண்டிருப்பையும் காரைதீவையும் அது வேறு வேறாகப் பார்க்கவில்லை என்பதும் இந்த மக்களுக்குத் தெரியும்.

சமய நல்லிணக்கக் கூட்டங்கள் இன்றும் நடக்கின்றன. அவற்றைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமன்று. ஆயினும் அவற்றிற் பலவற்றில் ஒவ்வொருவரும் தத்தம் சமயம் அன்பையே போதிக்கிறது என்று கூறி அமர்ந்துவிடுகிறார்கள். கேட்பவருக்குப் புதிதாக ஒன்றும் தெரிவதில்லை. அடிகளும் அஸீஸும் விட்டுச்சென்ற வழி சற்றே கடினமானது. மற்றவரின் செல்வத்தைக் கற்று, அதை அவர் முன்னிலையிலேயே பேசுவது. தவறினால் அவர் திருத்துவதை ஏற்றுக்கொள்வது. காரைதீவில் ஒரு தமிழாசிரியர் சீறாப்புராணம் பற்றிப் பேசட்டும். மருதமுனையார் முன்வரிசையில் இருந்து கேட்கட்டும். மருதமுனையில் ஒரு முஸ்லிம் அறிஞர் அடிகளின் யாழ் நூலை விளக்கட்டும். காரைதீவார் வந்து கேட்கட்டும். இரண்டு ஊர்களிலும் ஒரே குடிமுறை உண்டு, தாய்வழி உரிமை உண்டு. கோயிலின் வண்ணக்கரும் பள்ளிவாசலின் மரைக்காயரும் குடிவழியில் வந்த மரபு உண்டு. இவை பற்றிப் பேசவே பல மாலைப் பொழுதுகள் வேண்டும்.

பிரதேச செயலகம், காணி, எல்லை என்று கல்முனையில் இன்று தீராத வழக்குகள் பல. இரண்டு சொற்பொழிவுகளால் அவை தீர்ந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் வழக்குரைக்க வருபவர்கள் ஒருவரையொருவர் முன்பே கேட்டுப் பழகியவர்களாக இருந்தால், பேச்சு வேறு விதமாகத் தொடங்கும். அந்தக் கரையில் மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை. அந்த வசதி இலங்கையில் எல்லா இடத்திலும் கிடைப்பதன்று.