மில்டன் ஃப்ரீட்மனின் நோபல் பரிசும் எதிர்ப்புகளும் (1976)

1976-ஆம் ஆண்டுக்கான பொருளியல் நோபல் பரிசு சிகாகோ பல்கலைக்கழகப் பேராசிரியர் மில்டன் ஃப்ரீட்மனுக்கு அக்டோபர் 14 அன்று அறிவிக்கப்பட்டது. நுகர்வு பற்றிய ஆய்வுக்காகவும், பணத்தின் வரலாறும் கோட்பாடும் குறித்த பணிக்காகவும், பொருளாதாரத்தை நிலைப்படுத்தும் கொள்கை எவ்வளவு சிக்கலானது என்று காட்டியதற்காகவும் அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். இந்தப் பரிசு சந்தித்த எதிர்ப்புகளில் மிகக் கடுமையானது இந்த அறிவிப்புக்கு எழுந்ததே எனலாம்.

எதிர்ப்புக்குக் காரணம் சிலி. 1973 செப்டம்பர் 11 அன்று சல்வதோர் அயெந்தேவின் அரசைக் கவிழ்த்து அகுஸ்தோ பினோசே தலைமையில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. கொலையும் சித்திரவதையும் ஆட்சிமுறையாகவே ஆயின. அந்த அரசின் பொருளாதாரக் கொள்கையை வகுத்தவர்களில் பலர் சிகாகோவில் படித்தவர்கள். ‘சிகாகோ பையன்கள்’ என்றே அழைக்கப்பட்டார்கள். 1975 மார்ச்சில் சிலி சென்ற ஃப்ரீட்மன் சொற்பொழிவுகள் ஆற்றினார். பினோசேயையும் சுமார் முக்கால் மணி நேரம் சந்தித்தார். ஏப்ரலில் அவருக்கு எழுதிய கடிதத்தில், பணவீக்கத்தை அடக்க ஆறு மாதத்துக்குள் அரசுச் செலவில் 25 விழுக்காட்டை வெட்டும் ‘அதிர்ச்சி வைத்திய’த்தைப் பரிந்துரைத்தார். அந்த ஆண்டு சிலியின் உற்பத்தி சுமார் 13 விழுக்காடு சரிந்தது.

அயெந்தேவின் அமைச்சராக இருந்த ஒர்லாந்தோ லெத்தெலியர், 1976 ஆகஸ்டில் ‘தி நேஷன்’ இதழில் எழுதிய கட்டுரையில், இந்தப் பொருளாதாரத் திட்டத்தையும் அடக்குமுறையையும் பிரித்துப் பார்க்க முடியாது என்று வாதிட்டார். செப்டம்பர் 21 அன்று வாஷிங்டனில் பினோசேயின் உளவுத்துறை வைத்த கார் குண்டுக்கு அவர் பலியானார். மூன்றே வாரம் கழித்துப் பரிசு அறிவிப்பு வந்தது. அன்று எழுந்த கோபத்தை இந்த நாட்கணக்கோடு சேர்த்துத்தான் புரிந்துகொள்ள முடியும்.

ஜார்ஜ் வால்ட், லைனஸ் பாலிங், டேவிட் பால்டிமோர், சால்வடோர் லூரியா ஆகிய நோபல் அறிஞர்கள் நால்வர் ‘நியூயார்க் டைம்ஸ்’ நாளிதழுக்குக் கண்டனக் கடிதங்கள் எழுதினர். டிசம்பர் 10 விழாவின்போது ஸ்டாக்ஹோம் தெருக்களில் ஆர்ப்பாட்டம் நடந்தது. அரங்கத்துக்குள்ளும் ஒருவர் எழுந்து முதலாளித்துவம் ஒழிக, சிலிக்கு விடுதலை என்று முழங்கினார்; உடனே வெளியேற்றப்பட்டார்.

கொள்ளைநோய் பரவிய நாட்டின் அரசுக்கு மருத்துவர் ஆலோசனை சொல்வது தவறில்லை என்றால், பொருளியலாளர் சொல்வதும் தவறில்லை என்பது ஃப்ரீட்மனின் வாதம். சிலியின் அரசியல் முறையைத் தாம் ஏற்கவில்லை என்றும், அங்குள்ள பல்கலைக்கழகங்கள் தர முன்வந்த கௌரவப் பட்டங்களை மறுத்ததாகவும் கூறினார். அவருடைய சக பேராசிரியர் ஆர்னால்ட் ஹார்பர்கருக்குச் சிலியோடு இன்னும் நெருங்கிய தொடர்பு இருந்தது. அதையும் சொல்வதுதான் நியாயம். ஆனால் செலவை அப்படி வெட்டும்போது எழும் மக்கள் எதிர்ப்பை அடக்குமுறையின்றிச் சமாளித்திருக்க முடியுமா என்ற லெத்தெலியரின் கேள்விக்கு மருத்துவர் உவமை விடையாகாது.

1974-இல் ஹயெக்குடன் இதே பரிசைப் பகிர்ந்துகொண்ட ஸ்வீடன் பொருளியலாளர் குன்னர் மிர்தாலின் எதிர்ப்பு பரிசையே குறிவைத்தது. ஆல்ஃபிரட் நோபலின் உயிலில் இல்லாத இந்தப் பரிசை 1968-இல் ஸ்வீடனின் மத்திய வங்கி நிறுவியது. பொருளியல் இயற்பியலைப் போன்ற அறிவியல் அல்ல, அதில் அரசியல் மதிப்பீடுகள் கலந்தே இருக்கும் என்று மிர்தால் வாதிட்டார். தாம் அதை ஏற்றிருக்கக் கூடாது என்றும், பரிசையே நீக்கிவிட வேண்டும் என்றும் எழுதினார்.