வடகிழக்குப் பருவமழை எச்சரிக்கைகள்: ராயபுரம் முதல் எண்ணூர் வரை

அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், வரவிருக்கும் மழை, காற்று, வெள்ளம் குறித்து அரசுத் துறைகள் வெளியிடும் அறிவிப்புகள் பருவமழை எச்சரிக்கைகள் எனப்படுகின்றன. சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாகப் பெய்யும் சுமார் 140 செ.மீ. மழையில் பாதிக்கும் மேற்பட்டது இந்த மூன்று மாதங்களில்தான் கிடைக்கிறது. ராயபுரத்தில் தொடங்கி திருவொற்றியூர், கத்திவாக்கம் வழியாக எண்ணூர் முகத்துவாரம் வரை நீளும் துறைமுக, ஆலைப் பகுதிக்கு எச்சரிக்கை மூன்று இடங்களிலிருந்து வருகிறது. வானத்தைப் பற்றிச் சொல்வது வானிலை ஆய்வு மையம். கடலின் நிலையைத் துறைமுகத்துப் புயல் கூண்டு காட்டும். ஆற்று நீரைப் பற்றி அறிவிப்பது நீர்வளத் துறை. தொலைக்காட்சியில் காட்டும் நிறத்தை மட்டும் பார்த்துவிட்டு மற்ற இரண்டையும் விட்டவர்கள் இப்பகுதியில் பலமுறை ஏமாந்திருக்கிறார்கள்.

சொல்லும் அளவும்

நுங்கம்பாக்கத்தில் இயங்கும் மண்டல வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கையில் ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் ஓர் எண் இருக்கிறது. 24 மணி நேரத்தில் 64.5 முதல் 115.5 மி.மீ. வரை பெய்தால் அது ‘கனமழை’. 115.6 முதல் 204.4 மி.மீ. வரை ‘மிக கனமழை’. அதையும் தாண்டினால் ‘அதி கனமழை’. ‘மிக’வும் ‘அதி’யும் பேச்சில் ஒன்றுபோலத்தான் ஒலிக்கின்றன, தெருவில் அவற்றுக்கிடையே முழங்காலுக்கும் இடுப்புக்கும் உள்ள தூரம் இருக்கலாம்.

ஒரு கிரவுண்டு மனையை எடுத்துக்கொள்ளலாம். 2,400 சதுர அடியில் 10 செ.மீ. மழை பெய்தால் விழுவது ஏறக்குறைய 22,000 லிட்டர் தண்ணீர். கோடையில் தெருவுக்கு வரும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரிகள் கிட்டத்தட்ட இரண்டு. இதுதான் ‘கனமழை’ என்ற ஒற்றைச் சொல்லின் எடை. மழைநீர் வடிகால் குப்பையால் அடைத்திருந்தால் அந்த இரண்டு லாரித் தண்ணீரும் அந்த மனையையும் அதை ஒட்டிய தெருவையும் சுற்றித்தான் நிற்கும்.

இடத்தைக் குறிக்கும் சொற்களுக்கும் கணக்கு உண்டு. ‘ஓரிரு இடங்களில்’ என்றால் அந்த வட்டாரத்து மழைமானி நிலையங்களில் கால்பங்குக்கு மேற்படாமல் மழை பதிவாகும். ‘பெரும்பாலான இடங்களில்’ என்றால் முக்கால்பங்குக்கும் மேல். ஆகவே ‘ஓரிரு இடங்களில் மிக கனமழை’ என்ற அறிவிப்பைக் கேட்டு, தம் தெருவில் தூறலோடு போனதும் ‘சொன்னது பொய்’ என்று சொல்வது சரியல்ல. அந்த ஓரிரு இடம் மணலியாக இருந்திருக்கலாம்.

நிறமும் நாளும்

பச்சைக்கு எச்சரிக்கை ஏதுமில்லை என்று பொருள். மஞ்சள் என்றால் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும், ஆரஞ்சு என்றால் தயாராக வேண்டும், சிவப்பு என்றால் செயலில் இறங்க வேண்டும். நிறத்தை முடிவு செய்வதில் மழையின் அளவோடு அதனால் விளையக்கூடிய பாதிப்பும் சேர்த்துப் பார்க்கப்படுகிறது.

வாசகர்கள் பெரும்பாலும் தவறவிடுவது நாளின் எல்லையை. வானிலைத் துறையின் மழை நாள் காலை 8.30 மணிக்குத் தொடங்கி மறுநாள் காலை 8.30 மணிக்கு முடிகிறது. செவ்வாய்க்கிழமைக்கு ஆரஞ்சு என்றால் புதன் விடியற்காலை மூன்று மணி மழையும் அந்த ஆரஞ்சில்தான் சேரும். கடலோரத்தில் பருவமழை பின்னிரவிலும் விடியற்காலையிலும் வலுப்பது வழக்கம் என்பதால் இந்தக் கணக்கு முக்கியமானது. செவ்வாய் இரவு பத்து மணிக்கு வானம் வெறித்திருப்பதைப் பார்த்து, தரையில் இருக்கும் அரிசி மூட்டையை மேலே ஏற்றாமல் படுப்பவர்களுக்கு, அன்றைய எச்சரிக்கையில் இன்னும் பத்தரை மணி நேரம் மீதி இருக்கிறது.

மாவட்ட எல்லையும் குழப்பம் தரும். திருவொற்றியூரும் எண்ணூரும் இப்போது சென்னை மாவட்டத்தில் உள்ளன. முகத்துவாரத்துக்கு அப்பாலுள்ள காட்டுப்பள்ளியும் அத்திப்பட்டும் மீஞ்சூரும் திருவள்ளூர் மாவட்டம். எண்ணூர்க்காரர் இரண்டு மாவட்டங்களின் நிறத்தையும் பார்க்க வேண்டும். அவர் வீட்டு வாசலுக்கு வரும் வெள்ளம் திருவள்ளூரில் பெய்த மழையாகவே இருக்கக்கூடும்.

வரைபடத்தில் எதைப் பார்ப்பது

அழுத்தக் கோடுகள் வரைந்த படத்தில், வட்டங்கள் நெருங்க நெருங்கக் காற்று வலுக்கும். காற்றின் வேகம் மணிக்கு 31 கி.மீ.யை எட்டினால் தாழ்வுப் பகுதி, காற்றழுத்த தாழ்வு மண்டலமாகிறது, 50 கி.மீ.யில் ஆழ்ந்த தாழ்வு மண்டலம், 62 கி.மீ.யில் அதற்குப் புயல் என்று பெயர் சூட்டப்படுகிறது. இந்தப் படிநிலை முழுக்கக் காற்றைப் பற்றியது. மழைக்கும் இதற்கும் நேர்க்கணக்கு கிடையாது. பெயரில்லாத தாழ்வு மண்டலம் ஊரை மூழ்கடித்ததும் உண்டு, பெயர் பெற்ற புயல் காற்றோடு கடந்ததும் உண்டு.

பெரும்பாலோர் பாதை வரைபடத்தில் கோட்டின் நுனியைத்தான் தேடுகிறார்கள்: எங்கே கரையைக் கடக்கும்? வடசென்னைக்கு அதைவிட முக்கியமான கேள்விகள் இரண்டு. மையம் நமக்கு எந்தப் பக்கம் இருக்கிறது, எவ்வளவு வேகமாக நகர்கிறது?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கரையைக் கடந்தது ஆந்திரத்தின் பாபட்லா அருகே, 5ஆம் தேதி. கோட்டின் நுனியை மட்டும் பார்த்தவருக்கு அது ஆந்திரப் புயல். ஆனால் 3, 4 தேதிகளில் அது சென்னைக்கு நேரே, கரையிலிருந்து சுமார் 100 கி.மீ. தூரத்தில் ஊர்ந்துகொண்டிருந்தது. அந்த மெதுநடைதான் நகரத்தை மூழ்கடித்தது. அதே வெள்ளத்தில் மணலி ஆலைப் பகுதியிலிருந்து அடித்துவரப்பட்ட எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரத்தில் பரவியது. தண்ணீர் வடிந்த பிறகும் வீட்டுச் சுவர்களில் வெள்ளம் நின்ற உயரம் கறுப்புக் கோடாகத் தெரிந்தது. வலைகளும் படகுகளும் பிசுபிசுத்துப் போயின. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் விசாரித்த வழக்கு அது.

2024 அக்டோபரில் நடந்தது இதற்கு நேர்மாறு. 16ஆம் தேதிக்குச் சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களுக்குச் சிவப்பு எச்சரிக்கை விடப்பட்டது. மக்கள் வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாக நிறுத்தினார்கள். பெருமழை அதற்கு முந்தைய மழை நாளிலேயே கொட்டிவிட்டது. 16ஆம் தேதி காலை வரையிலான 24 மணி நேரத்தில் சோழவரத்தில் 30 செ.மீ., செங்குன்றத்தில் 28 செ.மீ. இரண்டும் வடசென்னையை ஒட்டிய ஊர்கள். சிவப்பு நாளில் நகரம் எதிர்பார்த்த அளவு நனையவில்லை. தாழ்வு மண்டலம் 17ஆம் தேதி அதிகாலை சென்னைக்கு வடக்கே கரையேறியது. மையம் நமக்குத் தெற்கே இருக்கும்வரை கடலிலிருந்து ஈரக்காற்று வந்துகொண்டிருக்கும். அது வடக்கே தாண்டிவிட்டால் காற்று தரையிலிருந்து வீசத் தொடங்கி, மழை பெரும்பாலும் ஓய்ந்துவிடும். கொண்டல் அடிக்கிறதா, மேற்குக் காற்றாகத் திரும்பிவிட்டதா என்று காசிமேட்டுப் படகுக்காரர்கள் முகத்தைத் திருப்பிப் பார்ப்பது இதைத்தான். மிக்ஜாம் போலக் கடலுக்குள்ளேயே தயங்கி நிற்கும் புயலுக்கு இந்த விதியை அப்படியே பொருத்த முடியாது.

பாதையைச் சுற்றி விரியும் கூம்பு வடிவத்தைப் புயலின் அகலம் என்று நினைப்பவர்கள் உண்டு. மையம் எங்கெல்லாம் போக வாய்ப்பிருக்கிறது என்பதைத்தான் அது காட்டுகிறது. நாள் தள்ளத் தள்ள விரிகிறது. மழை அந்தக் கூம்புக்கு வெளியேயும் பெய்யும். 2024 நவம்பரில் ஃபெஞ்சல் புயலாக வலுக்காது என்று கணிக்கப்பட்ட கட்டம் ஒன்று இருந்தது. 29ஆம் தேதி அது புயலாகி, 30ஆம் தேதி இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, அங்கே ஒரே நாளில் 48 செ.மீ.க்கு மேல் கொட்டியது. ஐந்து நாள் முந்தைய படத்தை வாட்ஸ்அப்பில் இன்றும் சுற்றவிடுவது தீங்கு.

ராடார் படம் முன்கணிப்பு அல்ல. இப்போது மேகத்தில் இருக்கும் நீரைக் காட்டுவது. சென்னைத் துறைமுகத்தின் நூற்றாண்டுக் கட்டட உச்சியில் 2002 முதல் டாப்ளர் ராடார் இருக்கிறது. ராயபுரத்துக்கு அது அடுத்த வீடு மாதிரி. பள்ளிக்கரணையில் இன்னொன்று பின்னர் வந்தது. சிவப்புத் திட்டுகள் கடலிலிருந்து கரையை நோக்கி ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றனவா என்று அடுத்தடுத்த படங்களை ஒப்பிட்டால், அடுத்த ஓரிரு மணி நேரத்துக்கு அது நம்பத்தக்க வழிகாட்டி.

எச்சரிக்கை தவறியதும் உண்டு. 2021 டிசம்பர் 30 அன்று மிதமான மழையே எதிர்பார்க்கப்பட்டிருந்தது. பிற்பகல் முதல் சில மணி நேரத்தில் நகரின் பல இடங்களில் 15 செ.மீ.யை ஒட்டிப் பெய்தது. வானிலை மையத்தின் கணிப்புத் திறனை மேம்படுத்தக் கோரி முதல்வர் மு.க. ஸ்டாலின் ஒன்றிய உள்துறை அமைச்சருக்குக் கடிதம் எழுதினார்.

புயல் கூண்டு

சென்னை, எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களில் ஏற்றப்படும் கூண்டுகள் 1 முதல் 11 வரை எண் கொண்டவை. பகலில் கூம்பும் உருளையும், இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகளும் அடையாளம். 1 என்றால் தொலைகடலில் தாழ்வு மண்டலம். 2 என்றால் தொலைகடலில் புயல். 3 வந்தால் துறைமுகத்துக்கே பலத்த காற்று. 5 முதல் 7 வரை அபாயம், 8 முதல் 10 வரை பெரும் அபாயம். 11 ஏறினால் வானிலை மையத்தோடு தொடர்பு அறுந்தது என்று பொருள். கூண்டு கப்பலுக்கும் துறைமுகத்துக்குமான மொழி. அதன் எண்ணை வைத்துத் தெருவில் தேங்கும் தண்ணீரை மதிப்பிட முடியாது.

மீனவர்களுக்கான எச்சரிக்கை தனி. ‘மணிக்கு 35 முதல் 45 கி.மீ. வேகத்திலும் இடையிடையே 55 கி.மீ. வேகத்திலும் சூறாவளிக் காற்று’ என்ற வரி வந்தால் காசிமேட்டில் விசைப்படகுகள் ஒன்றோடொன்று அணைத்துக் கட்டப்படும்; மோதி உடையாமலிருக்க நடுவில் பழைய டயர்கள் தொங்கும். திருவொற்றியூர் பக்கம் கடல் அரித்துக் கருங்கல் கொட்டிய இடங்களில் ஃபைபர் படகை இழுத்தேற்ற மணலே இல்லை. அங்குள்ளவர்களுக்குக் கூடுதலாக ஒரு நாள் அவகாசம் தேவைப்படுகிறது.

ஆற்றிலிருந்து வரும் எச்சரிக்கை

இப்பகுதியில் மிகக் குறைவாகக் கவனிக்கப்படுவதும் மிக அதிகமாகச் சேதம் விளைவிப்பதும் ஆற்று வெள்ளமே. பூண்டி நீர்த்தேக்கத்தின் மதகுகள் திறந்தால் கொசஸ்தலை ஆற்று நீர் தாமரைப்பாக்கம், வல்லூர் தடுப்பணைகளைக் கடந்து எண்ணூரில் கடலைச் சேர்கிறது. புழல் ஏரியின் உபரிநீர் நாரவாரிகுப்பம், வடபெரும்பாக்கம், கொசப்பூர், மணலி, சடையங்குப்பம் வழியாக வந்து அதே பக்கம் இறங்குகிறது. பூண்டியின் முழுக் கொள்ளளவு 3,231 மில்லியன் கன அடி, புழலுக்கு 3,300. 2021 நவம்பரில் மணலி புதுநகர் வெள்ளத்தில் மூழ்கியது கொசஸ்தலையில் வந்த நீரால். முகத்துவாரத்தில் கடல் ஏற்றம் இருக்கும் நேரத்தில் ஆறு வந்தால் கடல் அதை உள்வாங்காது. நீர் குடியிருப்புகளுக்குள் திரும்பிப் புகும்.

எனவே எண்ணூர், மணலி, சடையங்குப்பத்தில் இருப்பவர்கள், மழை விட்டு வெயில் அடித்தாலும், திருவள்ளூர் மாவட்டத்துக்கு ஆரஞ்சோ சிவப்போ இருந்த மறுநாள் பூண்டி, புழல் திறப்பு அறிவிப்பைக் கேட்டுவிட்டே வீட்டுப் பொருட்களைக் கீழே இறக்க வேண்டும். மாநகராட்சியின் 1913, மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறையின் 1077, மாநில அறையின் 1070 ஆகிய எண்களில் இந்த விவரத்தைக் கேட்கலாம்.