மூளைச் சிரையில் உறையும் ரத்தம்: கண்டறிந்த வரலாறு

பாத்திரக் கடைக்காரனுக்கு மூளைப் படத்தில் என்ன வேலை என்று மலர்க்குழு நண்பர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். இங்கே பெங்களூரில், என் மருமகள் பிரசவித்த பத்தாம் நாள் தலைவலி என்று படுத்தாள். பச்சை உடம்பு, தூக்கமில்லை, அப்படித்தான் இருக்கும் என்றோம். மறுநாள் வலிப்பு. முதலில் எடுத்த சி.டி. படத்தைப் பார்த்து ‘ஒன்றுமில்லை’ என்றார்கள். அந்த ‘ஒன்றுமில்லை’யின் காரணத்தைத் தேடப் போய்ச் சேர்ந்த விஷயங்களே இவை.

மூளையின் அசுத்த ரத்தம் சிரைகள் வழியே வந்து, மூளையைப் போர்த்திய உறையிலுள்ள பெரிய வாய்க்கால்களில் கூடிக் கழுத்துக்கு இறங்குகிறது. அவற்றுக்கும் சைனஸ் என்றே பெயர். நம் மூக்கடைப்பு சைனஸ் வேறு. அங்கே ரத்தம் உறைந்தால், சாக்கடை அடைத்த வீட்டில் நடப்பதுதான் தலைக்குள்ளும் நடக்கும்.

1825-இல் பிரெஞ்சு மருத்துவர் ரீப், 45 வயது நோயாளி ஒருவரைப் பற்றி எழுதினார். தலைவலி, வலிப்பு, பிதற்றல். அடைப்பு தெரிந்தது அவர் இறந்து மண்டையைத் திறந்த பிறகே. 1895-இல் வந்த எக்ஸ்ரே எலும்பைக் காட்டியது, ரத்தத்தைக் காட்டவில்லை. 1927-இல் லிஸ்பனில் எகாஸ் மோனிஸ், கழுத்துத் தமனியில் அயோடின் சேர்ந்த மருந்தைச் செலுத்திப் படம் பிடித்தார். இம்முறையில், மருந்து சிரைப் பக்கம் வரச் சில விநாடி காத்திருந்து பார்க்க வேண்டும்; நிரம்பாத வாய்க்கால் அடைபட்டது. (1949-இல் அவருக்கு நோபல் கிடைத்தது இதற்கல்ல, மூளையை வெட்டும் ஒரு சிகிச்சைக்கு! அதைப் பின்னாளில் உலகமே கைவிட்டது.)

1971 அக்டோபரில் லண்டனில் ஹவுன்ஸ்ஃபீல்டின் சி.டி. கருவி முதல் நோயாளியைப் படமெடுத்தது. மருந்து செலுத்தி எடுத்தால், சைனஸின் ஓரம் வெளுத்து நடு கறுத்து, கிரேக்க டெல்டா எழுத்துப் போல முக்கோணம் தெரியும். மருந்தில்லாத சாதா சி.டி.யிலோ பல நோயாளிகளுக்கு ஒன்றும் தெரியாது. எங்களுக்கு எடுத்தது சாதாதான்.

எம்.ஆர்.ஐ. உறைந்த கட்டியையே காட்டும். ஆனால் முதல் சில நாள், சில படங்களில் கட்டியும் ஓடும் ரத்தம் போலவே கறுப்பாகத் தெரிந்து ஏமாற்றும். ஆகவே ஓட்டத்தைக் காட்டும் எம்.ஆர். வெனோகிராமையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். அதிலும் ஒரு பொறி: பலருக்குப் பிறவியிலேயே இடப்பக்க வாய்க்கால் ஒடுங்கியிருக்கும், அது அடைப்பு போலத் தோன்றும். சி.டி. வெனோகிராம் சில நிமிடத்தில் முடியும், தெளிவும் உண்டு. கதிர்வீச்சும் அயோடின் மருந்தும்தான் அதன் விலை. என்னைக் கேட்டால், அவசரத்தில் எது உடனே கிடைக்கிறதோ அதுவே உயர்ந்தது.

மறுநாள் எம்.ஆர். வெனோகிராமில் அடைப்பு தெரிந்தது, ஹெபாரின் கொடுத்தார்கள். மூளையில் ரத்தக் கசிவு இருந்தாலும் உறைவைத் தடுக்கும் இம்மருந்தைத் தரலாம் என்பதற்கு, 1991-இல் ஜெர்மனியில் வெறும் 20 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு முக்கிய ஆதாரமாயிற்று. மருமகள் பிழைத்தாள்.

பிரசவத்துக்குப் பின் சில வாரம் ரத்தம் இயல்பாகவே எளிதில் உறையும். உடம்பில் நீர் வற்றினால் ஆபத்து கூடும். பத்தியம் என்று எங்கள் வீட்டில் அவளுக்குத் தண்ணீர் டம்ளர் கணக்கில்தான் கொடுத்தோம். அடுத்து மகள் பிரசவத்துக்கு வந்தபோது, கடையிலிருந்த பெரிய செம்பு ஒன்றை என் மனைவி கேட்டு வாங்கி, நிறையத் தண்ணீரோடு கட்டிலருகே வைத்தாள்.