வழியனுப்பிய சோறு

ஒருவருக்கு விருந்து வைத்து வழியனுப்ப வேண்டுமென்றால், முதலில் அவருக்குப் போகிற உரிமை இருக்க வேண்டும். நம் வரலாற்றைப் பேசுகிறபோது இதை நாம் கணக்கில் எடுப்பதில்லை. பழைய தென்னாற்காட்டில் பண்ணையில் கட்டுண்டு கிடந்த சேரி ஆள் ஊரை விட்டுப் போனால் அதற்குப் பயணம் என்று பேரில்லை. ‘ஓடிட்டான்’ என்றுதான் பேர். அடிமை முறைக்கு இருந்த சட்டப் பாதுகாப்பை 1843ஆம் ஆண்டுச் சட்டம் எடுத்துவிட்டது. கடன் மட்டும் விடவில்லை. அப்பன் கல்யாணத்துக்கு வாங்கிய கடனுக்கு மகன் படியாளாக நின்றான். அப்படிப்பட்டவன் ‘நாளைக்குக் கிளம்புறேன், வந்து சாப்புடுங்க’ என்று நாலு பேரைக் கூப்பிட்டு உலை வைக்க முடியுமா? அடுப்புப் புகையே பண்ணைக்காரனுக்குச் சேதி சொல்லிவிடாதா?

1860 நவம்பர் 16 அன்று, சென்னையிலிருந்து போன ‘ட்ரூரோ’ கப்பல் டர்பனில் ஆட்களை இறக்கியது. அன்றிலிருந்து 1911 வரை 1,52,184 பேர் இந்தியாவிலிருந்து நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். பெரும்பகுதியினர் சென்னைத் துறைமுகம் வழியாகப் போனவர்கள். ஆள் பிடித்த முக்கிய மாவட்டங்களில் தென்னாற்காடும் ஒன்று. 1876-78 பஞ்சத்தைக் கண்ட மண் இது. கூலிக்காரர் போவதை மிராசுதார்கள் விரும்பவில்லை, வயலுக்கு ஆள் குறையும் என்ற பயம். கப்பல் பட்டியல்கள் பேர், தகப்பன் பேர், வயது, சாதி, கிராமம், உடம்பிலுள்ள தழும்பு வரை எழுதிக்கொண்டன. கடைசி ராத்திரி அவர்களுக்கு யார் சோறு போட்டார்கள் என்று எந்தப் பட்டியலும் எழுதவில்லை. கப்பலேறிய பிறகு சாதி இந்துவும் நம் ஆளும் ஒரே அடுப்பில் வெந்த சோற்றைத் தின்றார்கள். யாரும் மனம் திருந்தியதால் அல்ல, அங்கே வேறு சோறு கிடையாது என்பதால்.

இந்த மண்ணிலேயே பகலில் சொல்லிக்கொண்டு புறப்படுகிற வழி ஒன்று திறந்தது. 1916இல் சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியைத் தொடங்கினார். சேரிப் பிள்ளைகள் ஊரை விட்டு வந்து படித்தார்கள், படித்து முடித்து வேலைக்குப் போனார்கள். பெற்றவள் சோறு கட்டிக் கொடுத்து அனுப்பலாம், யாருக்கும் ஒளிக்க வேண்டியதில்லை என்பது சின்ன மாற்றம் அல்ல.

மாற்றம் முடிந்துவிடவும் இல்லை. சிதம்பரத்தில் இருந்த என் நண்பர்கள், கணவனும் மனைவியும், போன மாசியில் ஓசூருக்குக் குடிபெயர்ந்தார்கள். நாலு வருஷத்தில் மூன்று வாடகை வீடு. ‘நீங்க எந்தத் தெரு?’ என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தியவர்களுக்குக் கணக்கில்லை. கடைசியாகக் கிடைத்த வீட்டில் கருவாட்டு வாசம் கூடாது என்று நிபந்தனை. அதனால் கடலூரில் என் வீட்டில்தான் அவர்களுக்குச் சமைத்தேன். முதுநகரில் கருவாடு வாங்கி, சுடுதண்ணீரில் அலசி, மொச்சையும் கத்தரிக்காயும் போட்டுப் புளி கரைத்து ஊற்றினேன். இதே கத்தரிக்காய் கொத்சாகி, சம்பா சாதத்தோடு சேர்ந்தால் சிதம்பரத்துக்கே பெருமை. கருவாட்டோடு சேர்ந்தால் மட்டும் நாற்றம், வீட்டைக் காலி செய்!

குழம்பு கொதிக்கையில் ஜன்னலைச் சாத்தப் போனேன். ‘சாத்தாதீங்கக்கா, தெருவெல்லாம் மணக்கட்டும். எத்தன நாளாச்சு’ என்றாள் அவள். ராத்திரி பதினொரு மணி வரைக்கும் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

இவர்கள் ஓடவில்லை, சொல்லிக்கொண்டுதான் போனார்கள். ஆனாலும் துரத்தப்பட்டுத்தான் போனார்கள். நேற்றைய பண்ணைக்காரன் போகவிடாமல் பிடித்து வைத்தான், இன்றைய வீட்டுக்காரன் இருக்கவிடாமல் தள்ளுகிறான். இரண்டும் ஒரே சாதியத்தின் இரண்டு கைகள்.

நம் வீடுகளிலிருந்து கடல் கடந்து போனவர்களின் பேர்கள் அரசு ஆவணக் காப்பகங்களில் கிடக்கின்றன. அவர்களை வழியனுப்பியவர்களின் கதை கிழவிகளின் வாயில்தான் இருக்கிறது. அவர்களும் போய்க்கொண்டிருக்கிறார்கள். மாணவத் தோழர்கள் சேரிக்குப் போய்க் கேட்டு எழுத வேண்டும்: யார் போனார்கள், யாரிடம் சொல்லிவிட்டுப் போனார்கள், அன்றைக்கு உலையில் என்ன வெந்தது?