கம்பிக்குள் அடங்காத திரை

மடிக்கணினியோடு ஒரு பெரிய மானிட்டரை இணைப்பதில் என்ன இருக்கிறது? கேபிளைச் செருகினால் படம் வரப்போகிறது என்றுதான் தோன்றும். படம் வரும். ஆனால் காசு கொடுத்து வாங்கிய அத்தனை புள்ளிகளும் (பிக்ஸல்) வருமா என்பதுதான் கேள்வி. இந்தத் தகராறு நேற்று வந்ததல்ல.

1987ல் ஐபிஎம் தன் பிஎஸ்/2 கணினிகளோடு விஜிஏ-வைக் கொண்டுவந்தது. 15 ஊசிகள், இரண்டு பக்கமும் திருகு, 640 x 480 புள்ளிகள். பிக்சர் டியூப் மானிட்டர்களுக்காகச் செய்த அனலாக் இணைப்பு அது. பிறகு தட்டைத் திரைகள் வந்தன. கணினிக்குள் டிஜிட்டலாக இருக்கும் படத்தை அனலாக்காக மாற்றி அனுப்பி, மானிட்டர் அதை மறுபடி டிஜிட்டலாக்க வேண்டியிருந்தது. தலையைச் சுற்றி மூக்கைத் தொடும் கதை. புள்ளிகள் கூடக் கூட எழுத்துகளின் ஓரம் மங்கியது.

இதற்குத் தீர்வாக 1999ல் டிவிஐ வந்தது. இன்டெல், ஐபிஎம், காம்பேக், எச்பி போன்றவர்கள் சேர்ந்து வகுத்த தரம். அதன் ஒற்றை இணைப்பு நொடிக்கு 16.5 கோடி புள்ளிகளைக் கடத்தும். நொடிக்கு 60 முறை புதுப்பித்தால் 1920 x 1200 வரை தாங்கும். அன்றைக்கு அது தாராளம்தான்.

வேடிக்கை என்னவென்றால், அந்தக் குழுவில் இருந்த ஐபிஎம்மே இரண்டே வருடத்தில் அதைப் பற்றாக்குறை ஆக்கிவிட்டது. 2001ல் அது வெளியிட்ட டி220, அடுத்து வந்த டி221 இரண்டும் 22 அங்குலத் திரைகள். 3840 x 2400, அதாவது 92 லட்சம் புள்ளிகள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 60 முறை புதுப்பிக்க நொடிக்கு 55 கோடி புள்ளிகள் வேண்டும். நான்கு டிவிஐ இணைப்புகளைச் சேர்த்து ஓட்டியும் டி221 41 முறைதான் புதுப்பித்தது. அன்றைய மடிக்கணினிகளில் ஒரு டிவிஐ துளை இருந்தாலே பெரிய விஷயம். நாலுக்கு எங்கே போவது? :-)

2004ல் ஆப்பிளின் 30 அங்குலத் திரை வந்தது. 2560 x 1600 என்றால் நொடிக்கு 24.6 கோடி புள்ளிகள். ஒற்றை டிவிஐ போதாது, இரட்டை இணைப்பு வேண்டும். இரட்டை இணைப்பு 1999 தரத்திலேயே எழுதப்பட்டிருந்தது. மடிக்கணினிகளில்தான் அதைக் காணோம். ஆப்பிளின் சொந்த மடிக்கணினிகளே 2005 தொடக்கத்து 17 அங்குல பவர்புக் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தரத்தில் இருப்பது வேறு, வாங்கும் பெட்டியில் இருப்பது வேறு. இந்தக் கதை முழுக்க இந்த இடைவெளிதான் படுத்துகிறது.

4கே காலத்திலும் அதேதான். 2009ல் வந்த எச்டிஎம்ஐ 1.4 தரத்தில் 3840 x 2160 உண்டு, ஆனால் நொடிக்கு 30 முறை மட்டும். சினிமா பார்க்க அது போதும். வேலை செய்து பாருங்கள், மவுஸ் அம்பு திக்கித் திக்கி நகரும். 60 முறைக்கு 2013ல் எச்டிஎம்ஐ 2.0 வந்தது. டிஸ்ப்ளேபோர்ட் 1.2 அதற்கு முன்பே 60ஐ எட்டியிருந்தது. துளையின் வடிவம் மாறாததால், பழைய 1.4 மடிக்கணினியில் புதுத் திரையைச் செருகியவர்கள் திரைதான் கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டார்கள்.

2014ல் டெல்லின் 5கே மானிட்டர் வந்தபோது மறுபடி ஒரு கம்பி பற்றவில்லை, இரண்டு டிஸ்ப்ளேபோர்ட் கேபிள்கள் வேண்டியிருந்தது. 2016ல் எல்ஜியின் 5கே திரை தண்டர்போல்ட் 3 வழியே ஒரே கம்பியில் வேலை செய்தது; மடிக்கணினிக்கு மின்சாரமும் அதிலேயே.

அந்தத் துளையின் வடிவம் யுஎஸ்பி-சி. அதில் படத்தையும் அனுப்பும் வழி 2014ல் அறிவிக்கப்பட்டது. ஆனால் அதே வடிவத்தில் சில துளைகள் மின்சாரமும் கோப்பும் மட்டும் கடத்தும், படம் வராது. படம் வரும் துளையிலும் நான்கு பாதைகள்தான். மானிட்டரின் யுஎஸ்பி ஹப் வேகமாக ஓட இரண்டை எடுத்துக்கொண்டால் படத்துக்கு மிஞ்சுவது இரண்டு. டிஸ்ப்ளேபோர்ட் 1.2 அளவில் ஓடும் 4கே திரை அப்போது 60லிருந்து 30க்கு இறங்கிவிடும். சில மானிட்டர்களின் மெனுவில் யுஎஸ்பி வேகத்தை 2.0 ஆகக் குறைக்கும் வசதி இருக்கும். அதை மாற்றினால் நான்கு பாதைகளும் படத்துக்குத் திரும்பும், அம்பும் வழுக்கிக்கொண்டு ஓடும்.